ஈரச் சீட்டு

பேச்சிராஜுக்குப் படம் எடுக்கத் தெரியாது, நடிக்கத் தெரியாது, ஒரு பாட்டை முழுசாகப் பாடவும் வராது. ஆனால் எந்தப் படத்துக்கு விருது கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்வதில் தென்காசியில் தன்னை விட்டால் ஆள் கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தான். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் அவனுக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பம் போட வருகிறவர்களை உட்காரவைத்து, தேசிய விருது யாருக்கு, ஆஸ்கர் யாருக்கு என்று பாடம் எடுப்பான். யூடியூபில் ‘விருது வாக்கு’ என்று ஒரு சேனல் வேறு. ஆறு வருஷம் வாய் ஓயாமல் சொன்னான். ஆறு வருஷமும் தப்பாகவே சொன்னான். வீடியோவுக்குக் கீழே வந்து கிண்டல் பண்ணியவர்களில் பாதிப்பேர் அவன் சொந்தக்காரர்கள்தான்.

ஏழாவது வருஷம்தான் அவனுக்கு மாடன் ஞாபகம் வந்தது.

இலத்தூர் போகிற வழியில், வயலுக்கு நடுவே அவர்கள் குலசாமி சுடலைமாடனின் பீடம் இருக்கிறது. முகம் கிடையாது, கை கால் கிடையாது. ஆள் உயரத்துக்குச் சுண்ணாம்பு பூசின பீடம், அவ்வளவுதான். அந்தக் குடும்பங்களில் தீராத குழப்பம் வந்தால் அங்கே போய்ச் சீட்டுக்கட்டிப் பார்ப்பது வழக்கம். பெண்ணை எந்த வீட்டில் கொடுப்பது, கிணற்றை எந்த மூலையில் தோண்டுவது என்று ஒவ்வொன்றையும் தனித்தனிச் சீட்டில் எழுதி, வெற்றிலையில் சுருட்டி, வாழைநாரால் கட்டிப் பீடத்தின் முன்னால் போடுவார்கள். ஒருவர் எடுத்துக் கொடுப்பார். வருவதுதான் வாக்கு. அதில் போய் சினிமாக்காரர்களின் பெயரை எழுதிப் போட வேண்டும் என்று இதுவரை யாருக்கும் தோன்றியதில்லை. பேச்சிராஜுக்குத் தோன்றியது.

பூசாரி நல்லக்கண்ணு சிரித்துவிட்டார்.

“அவனுக்கு வேற சோலி இல்லன்னு நெனச்சியாலே? சரி, ஒன் இஷ்டம். ஆனா முறைய விட்றாத. எடுக்குதவுக குளிச்சிட்டு வரணும். என்ன கேள்வின்னு அவுகளுக்குத் தெரியப்படாது. மிச்சச் சீட்டப் பிரிக்காம ஓடுத தண்ணில விட்ரணும்.”

“சரி அண்ணாச்சி.”

“இன்னொண்ணு இருக்கு. இவன்ட்ட கேட்ட விஷயத்துல பெறவு நீ பொய் சொல்லப்படாது. ஒங்க சின்னத் தாத்தா கெணத்துக்குச் சீட்டுப் போட்டாரு. நல்ல தண்ணி கெடச்சுது. பங்காளி வந்து கேட்டப்போ, குடுக்க மனசில்லாம, ‘உப்புத் தண்ணி’ன்னு சொல்லிட்டாரு. அந்தக் கெணறு இன்னும் இருக்கு. போய்க் குடிச்சுப் பாரு.”

பேச்சிராஜ் குடித்துப் பார்க்கவில்லை. யாரிடம் போய் விருதைப் பற்றிப் பொய் சொல்லப் போகிறோம் என்று தலையை ஆட்டிவிட்டு வந்தான்.

சீட்டு எடுக்கத் தங்கச்சி சுகந்தியைக் கூப்பிட்டான். அவள் கல்யாணம் முடிந்து நாலே வருஷத்தில் புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் எங்கேயோ போய்விட, அண்ணன் வீட்டோடு வந்து இருந்தவள். குற்றாலத்தில் பேரருவிக்குப் போகிற பாதையில் சீசனுக்குத் துண்டும் சோப்பும் சீயக்காயும் விற்பாள். சீசன் முடிந்தால் வீட்டில் தையல். கடை விஷயமாகச் சாமியிடம் கேட்கிறேன் என்று அண்ணன் சொன்னதை அவள் நம்பினாள். நம்பாவிட்டாலும் வந்திருப்பாள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு பதினோரு வயசுப் பிள்ளையாக இருந்தவளுக்குத் தலை பின்னிவிட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பியது அவன்தான்.

அந்த வருஷம் மாசியில் நாலு சீட்டு எடுத்தாள். நாலும் பலித்தது.

அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா! ஆஸ்கருக்கு மாசியில் ஒரு தடவை, நம் நாட்டு விருதுக்கு ஆடியில் ஒரு தடவை என்று இரண்டு வருஷம் பேச்சிராஜ் சொன்னதெல்லாம் அப்படியே நடந்தது. ஆலங்குளத்திலிருந்து ஆட்கள் பஸ் ஏறி வந்து கடையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். “எப்படி அண்ணாச்சி?” என்று கேட்டால், “எல்லாம் ஒரு கணிப்புதான்” என்று கண்ணைச் சுருக்கிச் சிரிப்பான். எடுத்த சீட்டுகளை மட்டும் தூரப் போட மனசு வராமல் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தான். பெருமைதான், வேறென்ன.

இந்த நேரத்தில்தான் சுகந்தியும் சினிமாவில் நடித்தாள்.

முத்துகுமரன் என்று ஒரு பையன். தென்காசிக்காரன், சென்னையில் டைரக்டராகத் திரிந்தான். படத்துக்கு இடம் பார்க்கக் குற்றாலம் வந்தவன் காதில், ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் சுகந்தியின் குரல்தான் விழுந்தது. “துண்டு, சோப்பு, சீயக்கா…” என்று அவள் கூப்பிட்டால் அருவிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும். கொஞ்சம் கரகரப்பு, நடுவில் சின்னதாக ஓர் உடைவு, வெண்கலக் கும்பாவில் கரண்டி பட்ட மாதிரி ஒரு முழக்கம். “இந்தக் குரலுக்காகவே படம் எடுக்கலாம்க்கா” என்றான் முத்துகுமரன். எடுத்தும் விட்டான். தண்ணீர் வற்றிய ஊரில் ஒற்றையாகக் கிடக்கிற ஒரு பொம்பளையின் கதை. டப்பிங் பேசச் சென்னைக்குப் போனபோது பேச்சிராஜும் கூடவே போனான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் நின்று பேச, இந்தப் பக்கம் சவுண்ட் என்ஜினியர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவன் பார்த்தான். ஊருக்குத் திரும்புகிற ரயிலில் அவளுக்குத் தெரியாமல் அவனும் துடைத்துக்கொண்டான்.

படம் நாலு ஊர் விழாக்களுக்குப் போய்வந்தது. சிறந்த நடிகைக்கான தேசிய விருதுப் பேச்சில் சுகந்தியின் பெயரும் அடிபட்டது.

சொந்த ரத்தத்தைப் பற்றிச் சீட்டுப் போடலாமா கூடாதா என்று அவன் நல்லக்கண்ணுவிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். ஆடி மாசம், சாரல் தூறிக்கொண்டிருந்த ஒரு காலைப்பொழுதில் ஐந்து நடிகைகளின் பெயரை எழுதிக் கட்டிப் போட்டான். அதில் ஒன்று அவன் தங்கச்சி பெயர். கடையிலிருந்து நேராக வந்த சுகந்தி, கும்பிட்டுக் குனிந்து ஒன்றை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டு, “நேரமாச்சுண்ணே, கூட்டம் வந்துரும்” என்று ஓடினாள்.

அவள் வரப்பைத் தாண்டின பிறகு பிரித்தான். சுகந்தி என்று இருந்தது.

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. முகமில்லாத அந்தப் பீடத்தின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். எழுந்தபோதுதான் கையில் இருந்த சீட்டு கசங்குவதைக் கவனித்தான். ஈரம். வெற்றிலையும் நாரும் தாளும் ஊறியிருந்தன. பெயரின் கடைசி எழுத்து மை கரைந்து கீழே வழிந்திருந்தது. மற்ற நாலு கட்டையும் தொட்டுப் பார்த்தான். சாரல் அவற்றின் மேலும்தான் விழுந்திருந்தது. வெற்றிலை மேல் துளி நின்றதே தவிர உள்ளே தாள் மொடமொடவென்று இருந்தது. வயலில் தவளைச் சத்தம் நின்றுபோயிருந்தது. எப்போது நின்றது என்று அவனுக்குத் தெரியவில்லை.

இப்படி ஈரமாக முன்பும் ஒன்றைப் பார்த்த மாதிரி இருந்தது.

வீட்டுக்குப் போய் பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்தான். எல்லாச் சீட்டும் சுத்தமாக இருந்தன, இரண்டைத் தவிர. அந்த இரண்டும் நனைந்து காய்ந்து நெளிந்திருந்தன. ஒன்றில் ஒரு இசையமைப்பாளர் பெயர். சீட்டு வந்த மூன்றாம் வாரம் அவர் இறந்துபோனார். விருதை அவர் மகள்தான் மேடையேறி வாங்கினாள். இன்னொன்றில் ஒரு ஒளிப்பதிவாளர் பெயர். நாற்பது வயசு, ஒரு நோய்நொடி கிடையாது. தூங்கினவர் எழுந்திருக்கவில்லை, விருதை மனைவி வாங்கினாள். அந்த இரண்டு பேரின் பெயரையும் முன்கூட்டியே சொன்னதற்காகத் தான் எவ்வளவு பீற்றிக்கொண்டோம் என்பது நினைவுக்கு வந்தபோது பேச்சிராஜ் அந்த இரண்டு சீட்டையும் கீழே போட்டான்.

விருது தங்கச்சிக்குத்தான். வாங்கப் போவது அவள் இல்லை.

யாரிடமும் அவன் சொல்லவில்லை. பெண்டாட்டி முத்துலட்சுமியிடம்கூட. சொன்னால் அதுவே நடந்துவிடும் என்று ஒரு எண்ணம். மறுநாளே சுகந்தியிடம் கடைக்குப் போக வேண்டாம் என்றான்.

“சீசன்ல போவாம பெறவு எப்பம் போவ?” என்றாள் அவள்.

“தண்ணி கூடுதலா வருதாம்ட்டி. ஆபத்து.”

“தண்ணி வந்தாத்தான சீசன்? நீ என்னணே, இப்படிப் பயப்படுத. நான் செத்தா போயிருவேன்?”

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். பேச்சிராஜ் ஜெராக்ஸ் கடையைப் பூட்டிவிட்டுப் பின்னாலேயே போனான். அன்றைக்கு மட்டுமில்லை, தினமும் போனான். எதிர்ச் சாரியில் நேந்திரம் சிப்ஸ் விற்கும் ஜாஹிரா பீவி, “ஒங்க அண்ணன் இங்கனயே கெடக்காவளே, வீட்டுல சண்டையா?” என்று சுகந்தியிடம் கேட்கிற அளவுக்கு ஆகிவிட்டது. சாப்பிடும்போது சுகந்திக்குப் புரையேறினால் அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவள் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று வாசலில் நின்று கேட்டான்.

பத்தாம் நாள் மத்தியானம் அருவியில் திடீரென்று வெள்ளம் வந்தது. போலீஸ் விசில் அடித்துக் கூட்டத்தை விரட்ட, ஈரத்துணியோடு ஜனங்கள் பாதையில் ஓடிவந்தார்கள். டீ குடிக்கப் போயிருந்த பேச்சிராஜ் அந்தக் கூட்டத்தை எதிர்த்து ஓடினான். கடையில் ஆள் இல்லை. துண்டுகள் மட்டும் கொடியில் ஆடிக்கொண்டிருந்தன. “சுகந்தீ” என்று அவன் கத்தினது அவனுக்கே கேட்கவில்லை. ஒரு நிமிஷம்தான். அதற்குள் அவள் அப்பளக்கடைப் பக்கமிருந்து, பெற்றோரைத் தவறவிட்ட ஒரு சின்னப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, “பிள்ளைய விட்டவுக யாரு, இங்கன வாங்க” என்று தன் முழுக்குரலில் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். அந்தக் குரலைக் கேட்டதும் பேச்சிராஜ் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதான். பார்த்தவர்கள், அவன் வீட்டில் யாரோ வெள்ளத்தில் போய்விட்டார்கள் என்று நினைத்தார்கள்.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. இதுவரை மாடன் சொன்னது ஒன்றும் பிசகியதில்லை. விருதும் சாவும் ஒரே கட்டாகக் கட்டி வந்திருக்கின்றன. விருது பிசகினால்? அப்போது மற்றதும் பிசக வேண்டும். விருது அவளுக்குக் கிடைக்கக் கூடாது. அவ்வளவுதான்.

நடிப்பு விருதுக்குச் சொந்தக் குரலில் பேசியிருக்க வேண்டும் என்பது ‘விருது வாக்கு’ நடத்துகிறவனுக்குத் தெரியாதா? மறுநாள் காலையில் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கம்ப்யூட்டரில் ஒரு கடிதம் அடித்தான். படத்தில் சுகந்திக்குப் பேசியிருப்பது அவள் குரல் அல்ல. வேறொரு பெண்ணைப் பேசவைத்தார்கள். டப்பிங் நடந்தபோது நான் அந்த அறையில் இருந்தேன். நான் அவளுடைய உடன்பிறந்த அண்ணன். கீழே கையெழுத்துப் போட்டான். எத்தனையோ பேருக்கு எத்தனையோ பொய் விண்ணப்பம் அடித்துக் கொடுத்த கை அது. தென்காசியில் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று ஆலங்குளம் தபாலாபீஸுக்குப் போய் அனுப்பினான்.

நல்லக்கண்ணு சொன்ன கிணறு அவனுக்கு ஞாபகம் வரவில்லை. பயம் பிடித்தவனுக்கு என்னதான் ஞாபகம் வரும்?

இரண்டு வாரம் கழித்து முத்துகுமரன் போன் பண்ணினான். பேச்சிராஜ் ஸ்பீக்கரில் போட்டிருந்தான், பக்கத்தில் சுகந்தியும் இருந்தாள்.

“அண்ணாச்சி, ஒரு கூத்தக் கேளுங்க. அக்கா சொந்தக் குரல்ல பேசலன்னு நீங்களே லெட்டர் போட்டதா கமிட்டில சொல்லுதாங்க. எந்தப் பயலோ உங்க பேர்ல விளையாடியிருக்கான்.”

பேச்சிராஜ் போனின் சத்தத்தைக் குறைக்கப் பார்த்தான்.

“நீங்க கவலப்படாதீங்க. அக்காவ அந்தக் கெணத்தடி வசனத்தப் பேசச் சொல்லி ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்க. அவங்க ஒரு தடவ கேட்டாப் போதும். அந்தக் குரல எவன் சந்தேகப்படுவான்?”

கேட்டுக்கொண்டிருந்த சுகந்தி கொதித்துப் போனாள். “எவம்ணே அவன்? என் கொரலு என் கொரலு இல்லையாமா? எடு போன” என்று தலையை அள்ளி முடிந்துகொண்டு முற்றத்து வெளிச்சத்தில் போய் நின்றாள். முத்துலட்சுமி அடுப்படி வாசலில் வந்து நின்றாள். பேச்சிராஜ் போனைத் தூக்கிப் பிடித்தான். இந்த ஒரு வீடியோ போனால் விருது வந்துவிடும். விருது வந்தால் தங்கச்சி போய்விடுவாள். மாடா, இது வேண்டாம், எப்படியாவது இதைத் தடுத்துவிடு என்று மனசுக்குள் கும்பிட்டான்.

சுகந்தி வாயைத் திறந்தாள்.

“கெணத்துல தண்ணி வத்திப்போச்சுன்னு ஊரே போயிட்டு. நான் போவல. நான் இங்கனதான் இருக்கேன்.”

பேச்சிராஜ் சட்டென்று திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தான். யாரும் இல்லை. முத்துலட்சுமியும் தெருவாசல் பக்கம் பார்த்தாள். அந்தக் குரல் மெல்லிசாக, வழுவழுப்பாக, கரகரப்போ உடைவோ இல்லாமல் இருந்தது. இந்த ஊர்ப் பேச்சை இந்த ஊர்க்காரி அல்லாத யாரோ ஒருத்தி கற்றுக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. உதடு சுகந்தியினுடையது. சத்தம் அவளுடையது இல்லை.

“தொண்ட கட்டியிருக்கு போல” என்று அந்தக் குரல் சொன்னது. சுகந்தி தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தடவை பேசினாள். அதே குரல். மிளகுக் கஷாயம் குடித்துவிட்டுப் பேசினாள். மறுநாள் பேசினாள். பிறகு கெடு முடிந்துவிட்டது என்று, எடுத்ததில் ஒன்றை அவளே அனுப்பிவிட்டாள். முத்துகுமரனிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது: ‘அண்ணாச்சி, யாரைப் பேச வச்சு அனுப்பியிருக்கீங்க?’ அதற்குப் பிறகு அவன் போனை எடுக்கவில்லை.

திருநெல்வேலியில் பெரிய டாக்டர் ஒருவர் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார். எல்லாம் நல்லபடியாக இருக்கிறது, ஒரு குறையும் இல்லை என்றார். “இதான் உங்க குரலும்மா” என்று சொல்லி அனுப்பினார்.

விருது வேறொரு நடிகைக்குப் போனது. கடையில் எல்லோரும் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பேச்சிராஜ் ஒருத்தன்தான் கைதட்டினான். தங்கச்சிக்குக் கிடைக்காததற்கு இப்படிச் சந்தோஷப்படுகிறானே, பாவி என்று பார்த்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். அவனுக்கு அது உறைக்கவே இல்லை. ஓடிப்போய் வீட்டில் பார்த்தான். சுகந்தி உயிரோடு உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். அது போதும் என்று நினைத்தான். அந்தக் குரலையும் பழகிக்கொள்ளலாம் என்று நினைத்தான். குற்றாலத்தில் இப்போது அவள் கூப்பிட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பக்கத்தில் நின்று கேட்டால்தான் கேட்கும். பரவாயில்லை, உயிர் இருக்கிறதே.

ஆவணி பிறந்து அருவியில் தண்ணீர் குறைந்த ஒரு சாயங்காலம், தைத்துக்கொண்டே அவள் பேச்சை எடுத்தாள்.

“எண்ணே, இந்த வருசம் சாமி நம்மள கைவிட்டுட்டுன்னு நெனைக்கேன். எம் மேலதான் தப்பு. குளிச்சிட்டு வந்துதான சீட்டு எடுக்கணும்? மாசியில வீட்டுல குளிச்சுத் தொடச்சிட்டு வருவேன். ஆடியில கடையப் போட்டுட்டு, அருவியில ஒரு முங்கு முங்கிட்டு அப்படியே ஓடி வருவேன்லா? தலையும் கையும் சொட்டச் சொட்ட எடுத்துக் குடுத்திருக்கேன். வருசா வருசம் அப்படித்தான். ஒரு சீட்டு தொவைச்ச துணி மாதிரி ஆயிருக்கும்.”

பேச்சிராஜ் பிஸ்கட் டப்பாவை நினைத்துப் பார்த்தான். ஆடியில் ஒவ்வொரு வருஷமும் அவள் முதலில் எடுத்த சீட்டு மட்டும்தான் நனைந்திருந்தது. கை ஈரம். அவ்வளவுதான். “சீட்டு ஏன்ட்டி நனஞ்சிருக்கு?” என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். செத்துப்போன இரண்டு பேரும் சாகிற காலம் வந்து செத்திருப்பார்கள். இல்லை, அப்படியும் உறுதியாகச் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. அதை இனி யாரிடம் கேட்பது?

“என்னணே, பேயறஞ்ச மாதிரி இருக்க?” என்றாள் அவள். “படத்த செல்போன்ல பாக்கலாம்னு மைனி சொல்லுதா. நான் இன்னும் முழுசாப் பாக்கல. போடேன்.”

அவன் போட்டான். முத்துலட்சுமியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சின்னத் திரையில் வெடித்த கரம்பை மண், வற்றின கிணறு, கிணற்றடியில் சுகந்தி. அவள் நிமிர்ந்து, “நான் போவல. நான் இங்கனதான் இருக்கேன்” என்றாள். கும்பாவில் கரண்டி பட்ட முழக்கம் அந்த வீடு முழுக்க நிறைந்தது. இத்தனை நாளாக அந்தச் சத்தம் இல்லாமல் வீடு எப்படிக் கிடந்தது என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. முத்துலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சுகந்தி திரையைக் கூர்ந்து பார்த்தாள். தலையைச் சாய்த்து இன்னும் கொஞ்சம் கேட்டாள்.

“நல்லாத்தான் பேசியிருக்கா” என்றாள் அந்த மெல்லிசுக் குரலில். “யாருணே எனக்குப் பேசினது?”

பேச்சிராஜ் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

“நீதாம்ட்டி. அது ஒங்கொரலுதாம்ட்டி.”

அவள் அண்ணன் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். சின்ன வயசில் தலை பின்னும்போது அவன் கதை விட்டால் சிரிப்பாளே, அந்தச் சிரிப்புதான். சத்தம் மட்டும் வேறு.

“போண்ணே, பொய் சொல்லாத.”